அடுத்த வீட்டு ஆச்சி கேட்டால் என்ன சொல்வது?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ புதுவயலிலோ ஒரே தெருவில் பத்து வருடம் குடியிருந்தால், நீங்கள் எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்பது பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். மார்கழியில் வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமே குளித்துக் கிளம்பிப் பூசைக்குப் போகிறது. கதவு திறந்திருந்தால் இருதய ஆண்டவர் படம் தெருவுக்கே தெரிகிறது. 'நான் கத்தோலிக்கர்' என்று தனியாக அறிவிக்கும் வேலை நமக்கு மிச்சமில்லை. யாராவது திண்ணையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் அதற்குச் சுருக்கமாக, சண்டை மூட்டாமல், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வருகிறதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறோம்.

பேதுரு தம் முதல் திருமுகத்தில் (3:15-16) சொல்வதும் இதைத்தான்: உங்கள் நம்பிக்கையைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருங்கள், அதைப் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள். 'கேட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது அறிவுரை (எண் 127, 128) இன்னும் நடைமுறையாக வரிசையே தருகிறது. முதலில் அந்த மனிதர் தம் மகிழ்ச்சியையும் கவலையையும் சொல்லக் காது கொடுங்கள். பிறகுதான் இறைவார்த்தை. சூழ்நிலை ஒத்துவந்தால் கடைசியில் ஒரு சிறு செபம். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வசனத்தில் ஆரம்பித்து, எதிரில் இருப்பவர் வாயைத் திறக்குமுன் செபத்தையும் முடித்துவிடுகிறோம்.

முதலில் கணக்கு நேராக இருக்கட்டும்

செட்டிநாடு கணக்குப் பார்க்கும் ஊர். ஐந்தொகை எழுதிப் பழகியவர்கள் மத்தியில் வாழ்கிறோம். சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டு மீதித் தவணையை இழுத்தடிக்கிறவர், கொத்தனாருக்குச் சனிக்கிழமை கூலியைத் திங்கள்கிழமை தருகிறவர், வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராதவர் தினம் நூற்றைம்பத்து மூன்று மணி செபமாலை சொன்னாலும் தெரு அதைக் கணக்கில் எடுக்காது. கடன் வாங்கியிருந்தால், தேதிக்கு முந்தின நாளே போய் 'நாளைக்குக் கொடுக்க முடியல, பத்து நாள் ஆகும்' என்று சொல்லுங்கள். இதையும் விசுவாசத்தைப் பகிர்வதில்தான் சேர்க்க வேண்டும்.

சாதியும் அப்படித்தான். 'உங்க கோயில்லயும் அந்தத் தெருக்காரங்களுக்குத் தனி இடம்தானே?' என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. கல்லறைத் தோட்டத்திலும், தேர் பிடிக்கும் முறையிலும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் யார் வீட்டில் நடக்கலாம் என்பதிலும் பாகுபாடு இருக்கும் ஊரில், முதலில் அதைச் சரிசெய்யப் பங்குப் பேரவையில் வாய் திறப்பவர்தான் நற்செய்தி சொல்கிறவர். வீட்டளவில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலைக்கு வருகிறவருக்கென்று தனி டம்ளர் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

குடில்: மூன்று வாரப் பேச்சு

ஒரு வருடத்தில் அக்கம்பக்கத்தார் தாமாக வீட்டுக்குள் வந்து 'இது என்ன, அது யாரு' என்று கேட்கும் காலம் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருக்கும் காலம்தான். கடையில் தெர்மாகோல் குடில் வாங்கி 24-ஆம் தேதி இரவு மேசையில் வைத்தால் அந்த வாய்ப்பு வீணாகிறது. அசிசி பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சியோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக முதல் குடிலை அமைத்ததே பெத்லகேமில் நடந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். நீங்களும் வீட்டு முகப்பிலோ திண்ணை ஓரத்திலோ, தெருப் பிள்ளைகள் கைவைக்கக்கூடிய இடத்தில் ஆரம்பியுங்கள்.

குடிலைச் சுற்றிப் பசுமைக்கு வைக்கும் முளைப் பயிரில் தொடங்கலாம். மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 16 வாக்கில் விதைத்தால் கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் கிடைக்கும். கோதுமைதான் சுலபம், ஒரு சாண் உயரம்வரை வரும். கேழ்வரகு அழகாக இருந்தாலும் குட்டையாகவே நிற்கும். நெல் மெதுவாக வரும் என்பதால் அதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே போட வேண்டும். ஓரடிச் சதுரத் தட்டுக்கு இருநூறு கிராம் கோதுமை போதும். காலையில் ஊறப்போட்டு, இரவு வடித்து, ஈரத்துணியில் கட்டிவைத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ முளை எட்டிப் பார்க்கும். தென்னை நார்த்தூளும் மணலும் கலந்து இரண்டு விரல் உயரம் பரப்பி, அதன்மேல் ஒரே அடுக்காகத் தூவி, இரண்டு நாள் ஈரத்துணி போட்டு மூடுங்கள். பிறகு வெளிச்சம் வரும் இடத்துக்கு மாற்றிக் காலை மாலை கையால் தெளித்தால் போதும். மார்கழியில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் தேங்கினால் மூன்றாம் நாளே வெள்ளைப் பூஞ்சை பிடித்து நாறும். தட்டின் அடியில் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம். முளைப்பாரி போடுவதில் நம்மைவிடக் கைதேர்ந்தவர் அடுத்த வீட்டிலேயே இருப்பார். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் முளைப்பாரி எடுத்த கை அது. 'அக்கா, இது ஏன் மஞ்சளா நிக்குது?' என்று போய்க் கேளுங்கள். 'இருட்டுலயே வச்சிருக்கே, வெளிச்சத்துக்கு எடு' என்பார். மறுநாள் பார்க்க வருவார். குடிலைப் பற்றி அவர் கேட்பது அதற்கப்புறம் தானாக நடக்கும்.

பொம்மைகளை ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள். முதலில் மாட்டுத் தொழுவமும் மாடும் கழுதையும். சில நாள் கழித்துச் சூசையப்பரும் மாதாவும். தொட்டில் காலியாகவே இருக்கட்டும். பிள்ளைகள் தினமும் வந்து 'பாப்பா இன்னும் வரலையா?' என்று கேட்பார்கள். '24-ஆம் தேதி ராத்திரிதான் வரும்' என்ற பதிலுக்காகவே தெரு காத்திருக்கும். பாலன் இயேசுவை வைக்கும்போது யாராவது ஒரு பிள்ளை கையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மூன்று ராஜாக்களைக் கூடத்தின் கோடியில் நிறுத்தி, அவர்களுடைய திருநாளான திருக்காட்சிப் பெருவிழா வரும்வரை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தலாம். யார் இவர்கள் என்று கேட்டால் நாலு வாக்கியத்தில் சொல்லுங்கள்: 'தூர தேசத்துக்காரங்க. யூதர் இல்ல. நட்சத்திரத்தைப் பார்த்து நடந்து வந்தாங்க. கடவுள் எல்லாருக்கும் பொதுவா வந்தாருங்கறதுக்கு இவங்கதான் அடையாளம்.' அதற்குமேல் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பலகாரத் தட்டு

கிறிஸ்துமஸ் வருவது ஏறக்குறைய மார்கழி பத்தாம் தேதி. இதை மறந்துவிட்டு முட்டை போட்ட கேக்கையும் பிரியாணியையும் தெரு முழுக்கக் கொடுத்தனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். நகரத்தார் வீடு என்றால் திருக்கார்த்திகையிலிருந்து எண்ணும் இருபத்தோரு நாள் பிள்ளையார் நோன்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அது முடியும் இழை எடுக்கும் நாள் பெரும்பாலும் டிசம்பரில்தான் வரும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் விரதத்தில் இருப்பார்கள். வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்களைச் சங்கடத்தில் வைப்பதா பண்டிகை?

அதிரசம், தேன்குழல், சீப்புச்சீடை போதும். வீட்டில் அசைவம் சமைக்கும் முன்பே, தனி எண்ணெயில் சுட்டு, புது டப்பாவிலோ வாழையிலையிலோ கட்டிவிடுங்கள். கொடுக்கும்போது 'முட்டை, கறி புழங்காம செஞ்சது, ஆச்சி' என்று சொல்லிக் கொடுத்தால் அவர் நிம்மதியாக வாங்குவார். அந்த ஒரு வார்த்தையில், அவர் நோன்பை நாம் மதிக்கிறோம் என்பது புரிந்துவிடும். துண்டுப்பிரசுரத்தைப் பலகாரத்தோடு சேர்த்து அனுப்பாதீர்கள். பலகாரமே தூண்டில் என்று தோன்றிவிடும்.

அவர்கள் பண்டிகைக்குப் பலகாரம் நம் வீட்டுக்கு வருமே, அது படைத்ததாக இருந்தால்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8-ஆம் 10-ஆம் அதிகாரங்களில் பவுல் இதையே பேசுகிறார். சிலை என்பது ஒன்றுமில்லை என்பதால் உணவு தீட்டாகிவிடாது. ஆனால் ஒருவர் மனச்சாட்சி இடறும் என்றால் தவிர்க்கலாம். நம் குடும்பங்களில் இரண்டு வழக்கமும் உண்டு. சாப்பிடுகிறவர்கள் இரு கையாலும் வாங்கி நன்றி சொல்லிச் சாப்பிடலாம். சாப்பிடாதவர்கள், 'படைச்சது மட்டும் எங்க வீட்ல சாப்பிடறதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க ஆச்சி, படைக்கும் முன்ன எடுத்து வச்சதுன்னா கொடுங்க' என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். செட்டிநாட்டில் இதைப் பெரும்பாலும் யாரும் குற்றமாக எடுப்பதில்லை. வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில் போடுவதுதான் குற்றம், அது கட்டாயம் யார் கண்ணிலாவது படும்.

தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்துக்கு நீர்மோரும் வெந்நீரும் கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆகஸ்டு கடைசியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் பிள்ளைகளுக்கு வழியில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லாம் கிறித்தவர்களா என்ன? பந்தலில் வசனப் பலகை வேண்டாம்.

கேள்விகளும் பதில்களும்

'எல்லாச் சாமியும் ஒண்ணுதானே?' இதுதான் அதிகம் வரும் கேள்வி. 'ஆமா' என்று சொல்லித் தப்பிப்பதும் தவறு, 'இல்லவே இல்ல' என்று வெட்டுவதும் தவறு. கேட்கிறவர் பெரும்பாலும் தத்துவம் கேட்கவில்லை, 'நமக்குள் சண்டை வேண்டாமே' என்கிறார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. கிறிஸ்துவே வழியும் உண்மையும் வாழ்வும் என்று அறிவிப்பதையும் அதே பத்தியில் வைத்தது. திண்ணைப் பேச்சில் இப்படிச் சொல்லலாம்: 'உங்க கோயில்ல இருக்கற நல்லதை நாங்க மதிக்கிறோம் ஐயா. எங்களுக்குக் கடவுளைக் காட்டினவர் இயேசு. அவரை விட்டுட்டு என்னால வேற மாதிரி பேச முடியாது.'

'நீங்க மாதாவைக் கும்பிடுறீங்க, அந்தச் சபைக்காரங்க கூடாதுங்கறாங்களே?' மற்ற சபையாரை இழுக்காமல் பதில் சொல்லுங்கள். அருள்நிறை மந்திரத்தின் கடைசி வரியே போதும்: 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதான் கேட்கிறோம். 'அம்மாகிட்ட சொல்லி மகன்கிட்ட கேக்கச் சொல்றோம், கடவுளா வைக்கல.' கானாவூர்க் கல்யாணத்தில் இரசம் தீர்ந்துபோன கதையைச் (யோவான் 2) சொன்னால், பந்தியில் சாப்பாடு குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த இந்த ஊரில் உடனே புரியும். கல்யாண வீட்டு மானம் போகும் நேரத்தில் முதலில் கவனித்தது மாதாதான்.

சாமியாருக்குக் கல்யாணம் ஏன் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வீர்கள் போன்ற கேள்விகளுக்கு இரண்டு வாக்கியம் போதும். தெரியாவிட்டால் 'கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் உண்மையிலேயே பங்குச்சாமியாரிடம் கேட்டுப் போய்ச் சொல்லுங்கள். திரும்பப் போய்ச் சொல்லாமல் விடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

கடினமான கேள்வி வேறு. 'மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். உங்க வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிட்டா பிள்ளை கிடைக்குமா?' இதற்கு 'நிச்சயம் கிடைக்கும்' என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. கிடைக்காவிட்டால் நம்பிக்கை குறைச்சல் என்று பழி அந்தப் பெண் தலையில் விழும். 'நான் தினமும் செபமாலையில அவ பேரைச் சொல்லி வேண்டிக்கிறேன். ஆஸ்பத்திரி வைத்தியத்தை விட்டுடாதீங்க' என்பதோடு நிறுத்துங்கள். சொன்னால் செய்யுங்கள். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவைத்துக்கொண்டால் மறக்காது. மூன்று மாதம் கழித்து 'மகள் எப்படியிருக்கு?' என்று நீங்களே கேட்டால்தான், வேண்டிக்கொண்டது அவருக்குத் தெரியும்.

நோயாளி பக்கத்தில்

ஆஸ்பத்திரி வார்டில் செபிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உட்காருங்கள், நின்றுகொண்டே பேசினால் நோயாளிக்குக் கழுத்து வலிக்கும். உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, 'உங்களுக்காக எங்க முறையில ஒரு நிமிஷம் வேண்டிக்கட்டுமா? வேண்டாம்னா பரவாயில்ல' என்று கேளுங்கள். அவர் தயங்கினாலே வேண்டாம் என்று அர்த்தம். சரி என்றால் குரலை அவர் கட்டிலோடு நிறுத்துங்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்க வேண்டியதில்லை. பெயர் சொல்லி, என்ன வேண்டுமோ அதைக் கேட்டு, முடித்துவிடுங்கள். இவ்வளவுதான் நீளம்:

'ஆண்டவரே இயேசுவே, எங்க மீனா அக்கா உடம்பு வலியில இருக்காங்க. அவங்களைத் தொட்டு ஆறுதல் கொடும். பார்க்கிற டாக்டருக்கும் நர்சுக்கும் நல்ல கையைக் கொடும். இன்னைக்கு ராத்திரி தூக்கம் கொடும். ஆமென்.'

பாவம், சாபம், பில்லி சூனியம், முன்னோர் செய்த வினை இவற்றில் ஒன்றும் அந்தச் செபத்துக்குள் வரக் கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரும் பாவம். தலையில் கை வைப்பது, நெற்றியில் எண்ணெய் தடவுவது எல்லாம் கேட்காமல் செய்ய வேண்டாம். நோயில்பூசுதல் என்ற அருளடையாளம் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கானது. அதைக் குருதான் தருவார். ஆனால் குருவின் ஆசீர் மற்றச் சமயத்தாருக்கும் உண்டு (திருச்சபைச் சட்டம் 1170). செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மந்திரிக்க வரும் வரிசையில் பாதிப்பேர் நம்மவர் இல்லையே.

கேதம்

கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, அழைப்பு வேண்டாம், போய்விடுங்கள். செருப்பை வெளியே விட்டு, ஆண்கள் இருக்கும் பக்கம் ஆண்கள், பெண்கள் இருக்கும் பக்கம் பெண்கள் போய் உட்காருங்கள். மாலை போடலாம், கைகூப்பலாம், மனதுக்குள் 'நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும்' என்று சொல்லிக்கொள்ளலாம். சடங்கில் நம்மைச் செய்யச் சொன்னால் 'நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்' என்றால் போதும். 'அவர் எங்கே போயிருப்பார்' என்ற விசாரணை அந்த வீட்டில் வேண்டவே வேண்டாம். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் வருவதுதான் முறை என்பது உங்களுக்கே தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இறந்தவர் இந்துவாக இருந்தாலும் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை வைக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 901. பங்கு அலுவலகத்தில் யாருக்காகப் பூசை என்ற கருத்தை எழுதிக் கொடுங்கள். பெயரை வாசிப்பதாக இருந்தால் மட்டும் குடும்பத்தாரிடம் முன்கூட்டிக் கேளுங்கள்: 'ஐயாவுக்காக எங்க கோயில்ல வெள்ளிக்கிழமை வேண்டிக்கிறோம், பேரைச் சொல்லலாமா?' அநேகமாகக் குடும்பத்தில் ஒருவராவது அன்றைக்கு வந்து பின்வரிசையில் உட்காருவார்.

கோயிலுக்குக் கூட்டிப்போவது

முதல்முறை வருகிறவரைச் சாதாரண ஞாயிறு பூசைக்கு அழைப்பதைவிடத் தேர்த் திருவிழா, கிறிஸ்துமஸ் இரவு, சாம்பல் புதன், பெரிய வெள்ளி இவற்றுக்கு அழைப்பது நல்லது. அங்கே அவர் செய்வதற்கும் ஏதாவது இருக்கும். தேர்மேல் உப்பும் மிளகும் தூவலாம், சாம்பல் வாங்கலாம், பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

நற்கருணை விஷயத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்றபிறகு சொன்னால் அவமானமாகிவிடும். 'இது எங்களுக்கு இயேசுவோட உடல். ஞானஸ்நானம் வாங்கிப் புதுநன்மை எடுத்தவங்கதான் வாங்குவாங்க. அந்த நேரம் உட்கார்ந்தே இருங்க, நான் வாங்கிட்டு வந்துடறேன்.' சொல்லாமல் விட்டால் நடப்பது இதுதான்: பிரசாதம் என்று நினைத்துக் கையில் வாங்கி, வீட்டில் இருக்கும் பாட்டிக்கென்று முந்தானையில் முடிந்துகொள்வார். அப்படி நடந்தால் பதறாதீர்கள். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டு வாங்கிச் சாமியாரிடம் சேர்த்துவிடுங்கள். பாட்டிக்குக் கொடுக்க வேறு எதாவது, ஒரு மாதா படமோ மந்திரித்த உப்போ, அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். பிழை முன்கூட்டிச் சொல்லாத நம்முடையது.

தூரம் போகத் தயாராக இருப்பவரைத் திருவாடானை வழியாக ஓரியூருக்குக் கூட்டிப்போகலாம். லிஸ்பனில் 1647-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ, இங்கே தமிழ் கற்று, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி கட்டி, மரக்கறி மட்டும் உண்டு வாழ்ந்தார். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு வாழ முடிவுசெய்து மற்றவர்களை அனுப்பிவைத்ததும், அதில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினராக இருந்ததும் அருளானந்தர் உயிருக்கு உலை வைத்தது. 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் வெட்டப்பட்டார். 1947-இல் புனிதர் பட்டம். அந்தச் செம்மண்ணை எல்லாச் சமயத்தாரும் கொஞ்சம் எடுத்துப் போகிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது சேதுபதியை வில்லனாக்கிச் சொல்லாதீர்கள். கேட்பவரின் முன்னோர் அந்த நாட்டுக்காரராக இருப்பார். ஒரு வெளிநாட்டார் நம் சாப்பாட்டையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு நம்மோடு வாழ்ந்ததிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றதை அவரே கேட்பார்.

வேலையிடமும் வாட்ஸ்அப்பும்

ஆசிரியர்கள் கவனிக்க: அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற பள்ளியில், பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது (அரசியல் சட்டம் 28(3)). மிஷன் பள்ளி என்றாலும் இதுதான். நர்சுகளுக்கும் மேலதிகாரிகளுக்கும் சட்டத்துக்கு முன்பே நியாயம் ஒன்று இருக்கிறது. நம் கையை எதிர்பார்த்து இருப்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது, ஆகவே அவரிடம் நாமாகப் பேச்சை எடுக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டு ஐந்து விநாடி கண் மூடுவது போதுமான பேச்சு. மற்றவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில், தெருக் குழுவிலும் அலுவலகக் குழுவிலும் வசனம் போடாதீர்கள், அது அதற்கான இடமில்லை. ஸ்டேட்டஸ் உங்கள் சொந்தத் திண்ணை. வாரத்துக்கு ஒன்று, அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரே வரி, அதிகாரமும் வசன எண்ணும் சேர்த்து. 'பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல்' வகை செய்தியும், போப் சொன்னதாக வரும் ஊர் பேர் இல்லாத பொன்மொழியும் உங்கள் கையிலிருந்து போகக் கூடாது.

'நானும் சேரலாமா?'

பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு ஒருவர் இப்படிக் கேட்கலாம். சந்தோஷத்தில் அன்றைக்கே தண்ணீர் ஊற்றத் துடிக்காதீர்கள். 'ஏன்னு தோணுச்சு?' என்று கேட்டு முழுதும் கேளுங்கள். கடன் தீரும், பள்ளியில் இடம் கிடைக்கும், காதலித்த பெண்ணைக் கட்டலாம் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் அதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். யாரையும் கட்டாயப்படுத்தவோ தகாத வழியில் கவர்ந்திழுக்கவோ கூடாது என்று வத்திக்கான் சங்கமே தடுத்திருக்கிறது. நாட்டுச் சட்டத்திலும், சமயத்தைப் பரப்பும் உரிமை 25-ஆம் பிரிவில் இருந்தாலும், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொல்லியிருக்கிறது. ஆதிதிராவிடர் ஒருவர் என்றால், கிறித்தவரானபின் பட்டியல் சாதிச் சலுகை போய், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது. மைனர் என்றால் பெற்றோரைத் தாண்டி ஒரு அடியும் வேண்டாம். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இரகசியமாகத் தண்ணீர் ஊற்றுவதை 'ஆன்மா இரட்சணியம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பங்குச்சாமியாரிடம் நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தபின் பொறுப்பு அவருடையது. பதினான்கு வயது நிறைந்தவர் திருமுழுக்கை ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும் (திருச்சபைச் சட்டம் 863). நம் பகுதியில் அது 1987-இல் உருவான சிவகங்கை மறைமாவட்டம். உபதேசம், பூசைக்கு வந்து பழகுதல், தவக்காலத் தயாரிப்பு என்று மாதக்கணக்கில் ஆகும். எல்லாம் முடிந்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்தே பெறுவார்.

இடையில் அவர் மனம் மாறி 'வேண்டாம்' என்றாலும் பலகாரத் தட்டு நிற்கக் கூடாது. வருவதானால், ஞானத்தகப்பனாகவோ ஞானத்தாயாகவோ நிற்க அவர் தேடும் முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதற்குப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேண்டும், வாழ்க்கையும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். உறுதிபூசுதல் சான்றிதழ் பழைய பங்கில் கிடந்தால் இப்போதே எழுதிப்போட்டு வாங்கி வையுங்கள். பாஸ்காவுக்கு முந்தின வாரம் கேட்டால் எந்தப் பங்கு அலுவலகத்திலும் கிடைக்காது.